வெள்ளி ரூபிள் கண்ட மாமன்னர் பீட்டர்

மலேசியத் தமிழர்களாகிய நாம் ரிங்கிட்டை இன்றும் வெள்ளி என்றே வழங்கி வருகிறோம். கடைக்குச் சென்று இரண்டு வெள்ளிக்கு ரொட்டி வாங்குகிறோம். மிச்சக் காசை எண்ணிப் பைக்குள் போட்டுக் கொள்கிறோம். அந்தத் தாளிலோ காசிலோ வெள்ளி என்னும் உலோகம் சிறிதும் இல்லை. முற்காலத்தில் இந்நாட்டுக் கடைத்தெருக்களில் மெய்யான வெள்ளி நாணயங்களே புழங்கின. அந்த வழக்கின் எச்சமாகவே இப்பெயர் நம் நாவில் தங்கிவிட்டது. ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லும், அந்நாளில் இங்கு வந்து குவிந்த ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் பல் பல்லான விளிம்பைக் குறித்து எழுந்ததேயாகும்.

ஒரு வெள்ளிக்கு நூறு காசு என்பதை நாம் முதலாம் ஆண்டிலேயே கற்றுவிடுகிறோம். இத்துணை எளிய கணக்கு உலகில் எங்கும் என்றும் இருந்ததன்று. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டு வரை ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி என்று எண்ணினர். இந்தியாவில் 1957ஆம் ஆண்டு வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. பெரிய நாணயம் ஒன்றுக்குச் சிறிய நாணயம் சரியாக நூறு என்று வகுத்து, இரண்டையும் அடித்து மக்கள் கையில் முதன்முதலாகக் கொடுத்த நாடு ரஷ்யாவே. ஆண்டு 1704. அந்நாணயம் வெள்ளி ரூபிள். அதன் நூறில் ஒரு பங்கு கொப்பேக். அமெரிக்கர் தம் டாலரை நூறு சென்டாக வகுத்தது 1792ஆம் ஆண்டில்தான்.

அந்த ரூபிளின் ஒரு புறத்தில் கவசம் அணிந்து, முடி சுருண்டு, தாடியில்லாத ஓர் இளைஞரின் முகம் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபுறத்தில் முடி சூடிய இருதலைக் கழுகு. எடை ஏறத்தாழ 28 கிராம். முகத்துக்கு உரியவர்தாம் வரலாற்றில் மகா பீட்டர் என்று போற்றப்படும் முதலாம் பீட்டர். அவர்தம் வாழ்க்கையை, அவர் அடித்த நாணயத்தைக் கையில் வைத்துக் கொண்டு பார்ப்பது போலப் பார்ப்போம். நாணயத்துக்கு இரு புறம் உண்டு என்பதையும் மறவாதிருப்போம்.

பீட்டர் 1672ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை ஜார் மன்னர் அலெக்ஸி, தாய் நத்தாலியா. நான்கு வயது நிரம்புமுன்பே தந்தையை இழந்தார். அடுத்து ஆண்ட தமையன் பியோதர் 1682ஆம் ஆண்டில் மறைந்தபோது, அரியணை யாருக்கு என்னும் பூசல் மூண்டது. தந்தையின் முதல் மனைவி வழிப் பிள்ளைகள் ஒருபுறம், இரண்டாம் மனைவி வழிப் பிள்ளையாகிய பீட்டர் மறுபுறம். ஸ்திரெல்த்சி எனப்பட்ட காவற்படையினர் கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குள் புகுந்தனர். தாய்மாமனையும் குடும்பத்துக்கு நெருங்கியோரையும் பத்து வயதுப் பீட்டரின் கண்ணெதிரே ஈட்டியாலும் வாளாலும் கொன்றனர். அந்நிகழ்ச்சியின் வடு அவருள்ளத்தில் இறுதிவரை ஆறவில்லை. பிற்காலத்தில் அவருடைய முகத்தின் ஒரு பக்கம் அடிக்கடி வெட்டி இழுத்துக் கொள்ளும் என்று கண்டோர் பலரும் எழுதி வைத்துள்ளனர்.

பூசலின் முடிவில் நோயாளியான தமையன் இவானும் பீட்டரும் இணை அரசர்கள் ஆயினர். தமக்கை சோபியா ஆட்சியைத் தம் கையில் வைத்துக் கொண்டார். இருவருக்கும் சேர்த்து ஓர் இரட்டை அரியணை செய்யப்பட்டது. அதன் பின்புறத்தில் திரை மறைத்த ஒரு திறப்பு. அதன் வழியே சிறுவர்களுக்கு விடை சொல்லிக் கொடுப்பார்களாம். அவ்வரியணை இன்றும் மாஸ்கோ அரண்மனைக் காட்சிச்சாலையில் உள்ளது.

தாயுடன் நகர்ப்புறத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த பீட்டருக்கு முறையான கல்வி வாய்க்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிப் போர் விளையாட்டு ஆடினார். அவ்விளையாட்டுக் கூட்டமே வளர்ந்து பின்னாளில் நாட்டின் தலைசிறந்த இரு படைப்பிரிவுகள் ஆயிற்று. கணக்கையோ பதினாறு வயதில்தான் ஓர் ஒல்லாந்தரிடம் ஒழுங்காகக் கற்கத் தொடங்கினார். அவர் கணக்குப் போட்ட ஏடுகள் இன்றும் காக்கப்பட்டுள்ளன. எழுத்துப் பிழைகள் அவற்றில் மலிந்து கிடக்கின்றன. கூட்டலும் கழித்தலும் பதினாறில் கற்றவர் முப்பத்திரண்டில் ஒரு பேரரசின் நாணயக் கணக்கையே மாற்றி அமைத்தார் எனின், ஆண்டுத் தேர்வில் கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்றோர் மனம் தளர வேண்டுவதில்லை.

1688ஆம் ஆண்டில் ஒரு பழைய கிடங்கில் பழுதுபட்டுக் கிடந்த ஆங்கிலப் படகு ஒன்றை அவர் கண்டார். காற்றுக்கு எதிராகவும் பாய் விரித்துச் செல்லக் கூடியது அது என்று கேட்டதும் வியப்பு மேலிட, செப்பனிடச் செய்து ஆற்றில் ஓட்டிப் பழகினார். அப்போது ரஷ்யாவுக்கு இருந்த ஒரே துறைமுகம் வடகோடியிலுள்ள அர்க்காங்கெல்ஸ்க். ஆண்டில் பல மாதங்கள் அதைப் பனிக்கட்டி மூடிவிடும். பால்டிக் கடலின் கரையைச் சுவீடனும் கருங்கடலைத் துருக்கியும் அடைத்து நின்றன. கடல் வேண்டும் என்னும் வேட்கை அப்படகிலிருந்து பிறந்தது எனலாம். 1689ஆம் ஆண்டில் சோபியாவின் ஆட்சி வீழ்ந்தது. அவர் கன்னிமாடத்துக்கு அனுப்பப்பட்டார். 1696ஆம் ஆண்டில் இவான் மறைய, பீட்டர் தனி அரசர் ஆனார். அவ்வாண்டிலேயே புதிதாகக் கட்டிய கப்பல்களுடன் சென்று அசோவ் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றினார்.

அடுத்து அவர் செய்த செயலை அதுகாறும் எந்த ரஷ்ய மன்னரும் செய்ததில்லை. 1697ஆம் ஆண்டில் ஏறத்தாழ 250 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்டது. அதில் பீட்டர் மிகைலோவ் என்னும் பெயரில் ஒரு சாதாரண ஆளாக மன்னரும் சேர்ந்து கொண்டார். ஆனால் இரண்டு மீட்டர் உயரமுள்ள மனிதர் எங்ஙனம் மறைந்து திரிய இயலும்? சாண்டாம் என்னும் ஒல்லாந்துச் சிற்றூரில் கொல்லர் ஒருவரின் சிறு வீட்டில் தங்கியபோது, கூட்டம் கூடி வேடிக்கை பார்த்ததனால் ஒரு வாரத்திலேயே ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் துறையில் தச்சராகச் சேர்ந்து, சில மாதங்கள் கோடரி பிடித்து உழைத்தார். கையில் காய்ப்பு ஏறியதைப் பெருமையாகக் காட்டிக் கொள்வாராம்.

1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்றார். அங்கே அவருக்கு விடப்பட்ட வீட்டின் தோட்டத்தையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் அவரும் அவருடைய ஆட்களும் பாழாக்கி, அரசாங்கம் இழப்பீடு கொடுக்க நேர்ந்த கதையை ஆங்கிலேயர் இன்றும் சொல்லுவர். அறிவுத் தாகமும் முரட்டுத்தனமும் அவரிடம் ஒருங்கே குடியிருந்தன. நமக்கு வேண்டியது வேறொரு செய்தி. இலண்டன் கோபுரக் கோட்டையில் இருந்த நாணயச் சாலையை அவர் ஒருமுறைக்கு மேல் சென்று பார்த்தார். அக்காலத்தில் அதன் காப்பாளராக இருந்தவர் அறிவியல் மேதை ஐசக் நியூட்டன். விளிம்பு வெட்டித் தேய்க்கப்பட்ட பழைய கைவேலை நாணயங்களைத் திரும்பப் பெற்று உருக்கி, பொறியால் அடித்த ஒரே அளவான நாணயங்களை இங்கிலாந்து வெளியிட்டுக் கொண்டிருந்த வேளை அது. பீட்டரின் கண்கள் அதைக் கூர்ந்து நோக்கின.

அதற்குக் காரணம் உண்டு. அவர் நாட்டு நாணயத்தின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சுத்தியலால் தட்டையாக்கி, அதன்மேல் முத்திரை குத்துவார்கள். அதுவே கொப்பேக். பூசணி விதையை ஒத்த வடிவம். விதையைவிடச் சிறிய அளவு. முத்திரை பெரிது, வெள்ளித் துண்டோ சிறிது. ஆதலால் எழுத்துகளில் பாதி விழும், பாதி விழாது. ஈட்டி ஏந்திய குதிரை வீரன் உருவம் அதில் இருக்கும். ஈட்டிக்குரிய ரஷ்யச் சொல்லிலிருந்தே கொப்பேக் என்னும் பெயர் வந்தது. ரூபிள் என்பதோ நெடுங்காலமாகக் கணக்கேட்டில் மட்டும் வாழ்ந்த பெயர். நூறு கொப்பேக் சேர்ந்தால் ஒரு ரூபிள் என்று எழுதுவார்களே அன்றி, ரூபிள் என்று கையில் எடுத்துக் கொடுக்க ஒரு நாணயம் இல்லை. ஆயிரம் ரூபிளுக்குச் சரக்கு வாங்கும் வணிகர் ஓர் இலட்சம் விதைகளை எண்ணியாக வேண்டும்! காற்றடித்தால் பறக்கும், விரலிடுக்கில் நழுவும், சுரண்டி எடுத்தாலும் எளிதில் தெரியாது.

பீட்டரின் தந்தை அலெக்ஸி இதைத் திருத்த முன்னரே முயன்றவர்தாம். 1654ஆம் ஆண்டில், தாலர் எனப்படும் மேல்நாட்டு வெள்ளி நாணயங்களை வாங்கி, அவற்றின்மேல் தம் முத்திரையைக் குத்தி ரூபிள் என்று வெளியிட்டார். தாலரில் இருந்த வெள்ளியோ 64 கொப்பேக் அளவினதே. அறுபத்து நான்கு பெறுமானமுள்ளதை நூறு என்று சொன்னால் சந்தை ஒப்புமா? ஒப்பவில்லை. அடுத்துச் செப்புக் கொப்பேக்குகளை அடித்து, அவையும் வெள்ளிக் கொப்பேக்கும் ஒன்றே என்று ஆணையிட்டார். மக்களுக்குச் செப்பைக் கொடுத்த அரசு, வரியை வெள்ளியில் கேட்டது. விலைவாசி விண்ணை முட்டியது. 1662ஆம் ஆண்டில் மாஸ்கோவில் மக்கள் கொதித்தெழுந்தனர். கலகம் அடக்கப்பட்டதெனினும், மறு ஆண்டே செப்பு நாணயத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

தந்தை இடறிய இடத்தை மகன் அறிந்திருந்தார். ஆகையால் படிப்படியாக நடந்தார். முதலில், 1698ஆம் ஆண்டளவில், கம்பிக் கொப்பேக்கின் எடை ஏறத்தாழ 0.28 கிராமாகக் குறைக்கப்பட்டது. நூறால் பெருக்கிப் பாருங்கள்: 28 கிராம்! ஒரு தாலரின் எடையும் அதுவே. இனி ஒரு தாலரை உருமாற்றி ரூபிள் என்று வெளியிட்டால், நூறு கொப்பேக்கின் எடையும் அதன் எடையும் தராசில் சரியாக நிற்கும். 1700ஆம் ஆண்டு முதல் சில்லறைக்குச் செப்புக் காசுகள் வந்தன. 1701ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கடாஷி என்னும் இடத்தில் புதிய நாணயச் சாலை எழுந்து, அரை ரூபிள், கால் ரூபிள், பத்துக் கொப்பேக் எனப் பொறியால் அடித்த வெள்ளி நாணயங்கள் வெளிவந்தன. 1704ஆம் ஆண்டில் முழு ரூபிள் வந்தது. செப்புக் கொப்பேக்கும் உடன் வந்தது. மக்கள் அஞ்சாதிருக்கும் பொருட்டுப் பழைய வெள்ளி விதைகளை அவர் உடனே ஒழிக்கவில்லை. 1718ஆம் ஆண்டு வரை அவையும் அடிக்கப்பட்டன. எதற்கும் பொறுமையில்லாத பீட்டர் இவ்வொன்றில் காட்டிய பொறுமை வியத்தற்குரியது. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தராசு சரியாக நின்றது மெய்யே; ஆனால் கொப்பேக்கின் எடை குறைந்தபோது, பானையில் பத்துக் காசு சேர்த்து வைத்திருந்த ஏழையின் சேமிப்பும் அந்த அளவுக்குத் தேய்ந்தது.

நாணயத்தில் மன்னரின் உண்மை முகம் பொறிப்பதும் மக்களுக்குப் புதுமையே. அதிலும் அம்முகத்தில் தாடி இல்லை. தாடி இறைவன் அளித்த கோலம் என்று நம்பிய மக்கள் அவர்கள். பயணத்திலிருந்து திரும்பிய மறுநாளே பீட்டர் கத்தரியை எடுத்துப் பிரபுக்களின் தாடியைத் தம் கையாலேயே வெட்டலானார். 1705ஆம் ஆண்டில் தாடிக்கு வரியே விதித்தார். பெருவணிகருக்கு ஆண்டுக்கு 100 ரூபிள், அரசு அலுவலருக்கு 60, ஏவலாளருக்கு 30. தாடியுள்ள குடியானவர் நகர வாயிலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கொப்பேக் கொடுக்க வேண்டும். வரி செலுத்தியோர்க்கு மூக்கும் மீசையும் தாடியும் பொறித்த ஒரு வில்லை தரப்பட்டது. இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். வில்லையைக் கழுத்தில் கட்டித் திரிந்த முதியவருக்குச் சிரிப்பு வந்திராது.

ஆண்டுக் கணக்கும் அவர் கையில் மாறியது. உலகம் படைக்கப்பட்ட நாள் முதலாக எண்ணி 7208 என்று வழங்கிய ஆண்டு முடிந்தவுடன், 1700ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் புத்தாண்டு என்று ஆணை பிறந்தது. 1704ஆம் ஆண்டு ரூபிளில் புதிய ஆண்டுக் கணக்கே உள்ளது. ஆயினும் அது பழைய முறைப்படி எழுத்துகளாலேயே பொறிக்கப்பட்டுள்ளது. புதுமையும் பழமையும் ஒரே வட்டத்துக்குள் அமர்ந்திருப்பதை அந்நாணயத்தில் காணலாம்.

இனி, இத்துணை அவசரமாக இத்தனை வெள்ளி எதற்கு? போருக்குத்தான். 1700ஆம் ஆண்டில் பீட்டர் சுவீடன் மீது போர் தொடுத்தார். நார்வா என்னுமிடத்தில், பதினெட்டே வயதான சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், தம் படையினும் மும்மடங்கு பெரிய ரஷ்யப் படையைப் பனிப்புயலின் நடுவே சிதறடித்தார். பீரங்கிகள் அனைத்தும் பறிபோயின. மற்றொருவராயின் ஒடுங்கியிருப்பார். பீட்டரோ தேவாலய மணிகளை இறக்கி உருக்கச் செய்து, ஓராண்டுக்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை வார்த்தெடுத்தார். ரஷ்யாவில் அப்போது பெயர் சொல்லத்தக்க வெள்ளிச் சுரங்கம் இல்லை. சைபீரியாவின் நெர்ச்சின்ஸ்கில் வெள்ளி உருக்கத் தொடங்கியதே 1704ஆம் ஆண்டில்தான். அதிலும் கிடைத்தது சிறிதளவே. ஆகவே சணலும் மரமும் தோலும் விற்றுப் பெற்ற தாலர்களே ரூபிள்களாக உருமாறிப் படைவீரர் சம்பளமாயின, துப்பாக்கியாயின, கப்பலாயின.

1703ஆம் ஆண்டில் நேவா ஆற்றின் முகத்துவாரம் அவர் வசமானது. சேறும் சதுப்பும் வெள்ளமும் சூழ்ந்த அவ்விடத்தில் ஒரு கோட்டையும் நகரமும் எழுப்பத் தொடங்கினார். அதுவே பீட்டர்ஸ்பர்க். நாடெங்குமிருந்து ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் குடியானவர்கள் கட்டாயமாக அங்குக் கொண்டுவரப்பட்டனர். குளிரிலும் காய்ச்சலிலும் மாண்டோர் எண்ணற்றோர். 1714ஆம் ஆண்டில், நாட்டில் வேறெங்கும் கல் கட்டடம் கட்டலாகாது என்று தடை பிறந்தது. அந்நகருக்கு வரும் ஒவ்வொரு படகும் வண்டியும் கல் கொண்டுவர வேண்டும் என்றும் விதி வந்தது. 1712ஆம் ஆண்டிலேயே தலைநகர் மாஸ்கோவிலிருந்து அங்கு மாறிவிட்டது. இன்று அந்நகரின் அழகைக் காண்போர், அதன் அடியில் புதைந்த கைகளையும் எண்ண வேண்டும் என்பது நம் கருத்து.

1709ஆம் ஆண்டில் பொல்தாவா என்னுமிடத்தில் இரு மன்னர்களும் எதிர்ப்பட்டனர். காலில் காயமுற்ற சார்லஸைத் தூக்குப்படுக்கையில் சுமந்து வந்தனர். பீட்டரின் தொப்பியை ஒரு குண்டு துளைத்தது. மற்றொன்று சேணத்தில் பாய்ந்தது. அன்றைய வெற்றி ஐரோப்பாவின் எடைக்கற்களையே மாற்றி வைத்தது. அதற்காக அவர் தோல்வியே காணாதவர் என்று எண்ணிவிடலாகாது. இரண்டே ஆண்டுகளில் புரூத் ஆற்றங்கரையில் துருக்கியரால் சூழப்பட்டு, முன்னர் வென்ற அசோவைத் திருப்பிக் கொடுத்தே உயிர் தப்பினார். சுவீடனுடன் நடந்த போர் இருபத்தோராண்டு நீடித்து, 1721ஆம் ஆண்டில் நிஸ்டாட் உடன்படிக்கையால் முடிந்தது. பால்டிக் கரையின் பெரும்பகுதி ரஷ்யாவுக்குக் கிடைத்தது. வென்றவராயினும் பீட்டர் அந்நிலத்துக்காக இருபது இலட்சம் வெள்ளித் தாலர்களைச் சுவீடனுக்குக் கொடுக்க ஒப்பினார். அவ்வாண்டிலேயே பேரரசர் என்னும் பட்டம் சூடினார். ரூபிளின் எழுத்தும் அதற்கேற்ப மாறியது.

கல்வித் துறையில் அவர் செய்தவற்றை ஓர் ஆசிரியர் கூட்டம் எளிதில் கடந்து செல்லவியலாது. 1701ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கணிதமும் கடலோடும் கலையும் கற்பிக்கும் பள்ளி திறக்கப்பட்டது. அங்குக் கற்பித்த மாக்னித்ஸ்கி என்னும் ஆசிரியர் 1703ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு நூலே பல்லாண்டு ரஷ்யப் பிள்ளைகளின் பாடநூலாக விளங்கியது. முதல் செய்தித்தாளும் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. எழுத்து வடிவமும் எளிமையாக்கப்பட்டது. 1714ஆம் ஆண்டில் பிறந்த ஆணையோ மிகவும் வேடிக்கையானது. பத்து முதல் பதினைந்து வயதுள்ள பிரபுக்களின் பிள்ளைகளும் அலுவலர் பிள்ளைகளும் கணக்கு கற்றே ஆக வேண்டும். கற்றதற்குச் சான்றிதழ் இல்லையேல் திருமணம் செய்து கொள்ளலாகாது! கற்பிக்கும் காலத்தில் ஆசிரியர் பிள்ளைகளிடம் எதுவும் பெறலாகாது. கற்று முடித்தபின் தலைக்கு ஒரு ரூபிள் பெற்றுக் கொள்ளலாம். பிள்ளை தேறினால்தான் ஆசிரியருக்கு அந்த ரூபிள். நம் காலத்தில் இவ்விதி இருந்திருந்தால் ஆசிரியர் பலர் பட்டினி கிடந்திருப்பரோ, பிள்ளைகள் அனைவரும் தேறியிருப்பரோ, யாரறிவார்! அவர் அமைத்த காட்சிச்சாலைக்கு வருவோரிடம் கட்டணம் பெறாததோடு சிற்றுண்டியும் கொடுத்தார்கள். மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தோர் யாவர்? நாணயத்தைத் திருப்பி மறுபுறம் பார்க்க வேண்டிய இடம் இது. 1718ஆம் ஆண்டில் ரூபிளின் வெள்ளித் தரம் குறைக்கப்பட்டது. எடை முன்போலவே 28 கிராம். அதனுள் தூய வெள்ளி 21 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அவ்வாண்டில் தொடங்கிய தலைக்கணக்கெடுப்பு சில ஆண்டுகளில் முடிந்தது. படையை நடத்த ஆண்டுக்கு வேண்டியது 40 இலட்சம் ரூபிள். எண்ணிய ஆண் தலைகள் 54 இலட்சம். வகுத்துப் பார்த்தார்கள். தலைக்கு 74 கொப்பேக் வந்தது. அதுவே வரி. பிறந்த குழந்தையும் ஒரு தலை. தளர்ந்த கிழவரும் ஒரு தலை. இடையில் ஒருவர் இறந்து போனாலும் அடுத்த கணக்கெடுப்பு வரை அவர் பெயரிலும் வரி நிற்கும். மிச்சமிருப்போர் பகிர்ந்து செலுத்த வேண்டும். பிரபுக்களுக்கு இவ்வரி இல்லை. கணக்கில் பிழையில்லை, வகுத்தல் சரியாகவே செய்யப்பட்டது. பண்ணையடிமைகளாக நிலத்தோடு கட்டுண்டிருந்த குடியானவர் அந்த 74 கொப்பேக்கை எங்கிருந்து எடுத்தார் என்பதை அவ்வகுத்தல் கேட்கவில்லை. இவ்வரி அவருக்குப் பின் வந்தோர் காலத்திலும் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அவருடைய கொடுமைகளுள் இரண்டைச் சொல்லாது விடின் இவ்வரலாறு பொய்யாகிவிடும். அவர் வெளிநாட்டில் இருந்தபோது, 1698ஆம் ஆண்டில், காவற்படையினர் மீண்டும் கலகம் செய்தனர். விரைந்து திரும்பிய பீட்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலும் வாளுக்கும் கொடுத்தார். பத்து வயதில் கண்ட குருதியை இருபத்தாறு வயதில் பன்மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் எனலாம்.

மற்றொன்று இதனினும் துயரமானது. அவருடைய மகன் அலெக்ஸிக்குப் போரிலும் கப்பலிலும் நாட்டம் இல்லை. பழைய வழக்கங்களையும் சமய நூல்களையும் விரும்பும் இயல்பினர். தந்தையின் சினத்துக்கு அஞ்சி 1716ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு ஓடி, ஆஸ்திரியப் பேரரசரிடம் அடைக்கலம் புகுந்தார். மன்னிப்பதாக வாக்களித்துத் திரும்ப அழைத்தார் தந்தை. மகன் நம்பி வந்தார். விசாரணை நடந்தது, சித்திரவதையும் நடந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மரண தண்டனை விதித்தனர். 1718ஆம் ஆண்டில், தண்டனை நிறைவேறுமுன்பே, பீட்டர்ஸ்பர்க் கோட்டைக்குள் அலெக்ஸி மாண்டு கிடந்தார். நாட்டின் நன்மைக்காகவே பீட்டர் அவ்வாறு செய்தார் என்று வாதிடுவோர் உளர். பெற்றோராகவும் ஆசிரியராகவும் பிள்ளைகளோடு வாழும் நமக்கு அவ்வாதம் ஏற்புடையதாக இல்லை.

பீட்டரின் இரண்டாம் மனைவி கேத்தரின், ஒரு பாதிரியார் இல்லத்தில் பணிப்பெண்ணாக வளர்ந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். எனினும் மன்னரின் சீற்றத்தைத் தணிக்க வல்லவர் அவர் ஒருவரே என்பர். 1724ஆம் ஆண்டில் அவருக்குப் பேரரசியாக முடி சூட்டப்பட்டது. பீட்டரின் இறுதி ஆண்டுகளில் வந்த ரூபிள்களின் பின்புறத்தில் கழுகு இல்லை. அவர் பெயரின் முதல் எழுத்து நான்கு திசையிலும் நின்று சிலுவை போல் அமைந்திருக்கும். மூழ்கும் மாலுமிகளைக் காக்கக் கடுங்குளிர் நீரில் இறங்கியதால் அவர் நோயுற்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. சிறுநீர் அடைப்பு நோயோ அதற்கு முன்பிருந்தே அவரை வாட்டி வந்தது. 1725ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐம்பத்திரண்டாம் வயதில், பெருந்துன்பத்துடன் உயிர் நீத்தார். அடுத்த அரசரை ஆளும் மன்னரே தேர்ந்து கொள்ளலாம் என்று 1722ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியவர், எவர் பெயரையும் சொல்லாமலே கண்ணை மூடினார். கேத்தரின் அரியணை ஏறினார். ரூபிளில் அவர் முகம் வந்தது.

மறைவதற்கு முந்திய ஆண்டில் பீட்டர் ஒரு நாணயச் சாலையைப் பீட்டர்ஸ்பர்க்கில் நிறுவியிருந்தார். நேவா ஆற்றின் தீவில், மகன் உயிர் நீத்த அதே கோட்டை மதிலுக்குள் அது அமைந்தது. அக்கோட்டையின் நடுவிலுள்ள தேவாலயத்தில்தான் பீட்டரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மணிக்கோபுரப் படிக்கட்டின் அடியில் அலெக்ஸியின் கல்லறை உள்ளது. தேவாலயத்துக்கு எதிரே நாணயச் சாலைக் கட்டடம் நிற்கிறது.